நடுக்கோடு பின்களத்துக்குச் சொந்தம்

மோல்மேன் மழைக்கு அரைகுறையாக அழிக்கத் தெரியாது.
காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு
மூன்று மணிக்கு வெள்ளைச் சேறு.
ஐந்துக்கு ஆட்டம்.
ஒரு வாளி, தேய்ந்த தேங்காய்நார்த் தூரிகை;
நடுக்கோட்டை மட்டும் இன்னொருமுறை இழுத்தேன்.
அதனடியில் கைப்பந்துக் கோடு பச்சையாய்,
அதற்கும் அடியில் சின்லோன் வட்டத்தின் ஒரு துண்டு.
எதை நம்ப வேண்டும் என்று கேட்ட பையன்களிடம்
வெள்ளையை என்றேன்.
அகலம் ஐந்து சென்டிமீட்டர்.
ஐந்தும் பின்களத்துக்குச் சொந்தம்.
மிதித்துக்கொண்டு நிற்பவன் இன்னும் கடக்காதவன்.

இரண்டாம் கால்பகுதியில்
முடோன் அணியின் தெட் நாய்ங்
பந்தைத் தட்டியபடி வந்து கோட்டில் தயங்கினான்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
பந்து அந்தப் பக்கம் ஒரு குதி,
திரும்ப இந்தப் பக்கம் ஒரு குதி.
மதில்மேல் இருந்த கூட்டம் முழுக்க ஒரே கத்தல்.
விசில் என் பல்லிடுக்கில் சும்மா இருந்தது.
இரண்டு காலும் பந்தும்,
மூன்றும் போய்ச் சேர்ந்தால்தான் போனதாகக் கணக்கு.
அதுவரை அவன் திரும்பலாம், திரும்பவும் திரும்பலாம்,
எட்டு விநாடி தீரும்வரை.
இதை விளக்க மதிலுக்கு நேரமில்லை,
எனக்கும்.

கடைசி நாற்பது விநாடி.
தமிழ்ச் சங்க அணி ஒரு புள்ளி முன்னால்.
முன்களத்தில் சித்திரைவேல் கைக்கு வரவேண்டிய பந்தை
முடோன்காரன் ஒருவன் விரல்நுனியால் கெடுத்தான்.
அது இறங்கி, சித்திரைவேலின் முழங்காலில் இடித்து,
என் சுண்ணாம்பைத் தாண்டி உருண்டது.
துரைசிங்கம் ஓடிப்போய் எடுத்தான்.
ஊதினேன்.
சுட்டுவிரலை நீட்டிக் கையை வலமிடமாய் ஆட்டினேன்.
பந்து முடோனுக்கு.
பிறகு என்ன ஆனது என்று
பலகையைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

"எதிராளி கை பட்டுச்சே தாயி!"
சங்கச் செயலாளர் சொக்கநாதனின் குரல்.
ஆட்டத்தாளில் நான் டோ மி மி கைங்;
அன்று மட்டும் அவருக்கு மீனாள்,
அதுவும் எங்க மீனாள்.
டீக்கடை மேசையில் எலுமிச்சம்பழம் ஒன்றை உருட்டிக் காட்டினேன்.
நடுவில் யார் தொட்டான் என்று விதி கேட்பதில்லை, அண்ணே.
முன்களத்தில் கடைசியாகத் தொட்டது யார்?
பின்களத்தில் முதலில் தொட்டது யார்?
இரண்டுக்கும் ஒரே அணி பதிலென்றால் ஊது.
அவ்வளவுதான்.
அவர் எலுமிச்சையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
டீக்குக் காசு கொடுக்காமல் போனார்.

விதியில் எனக்குச் சந்தேகமில்லை.

முழங்காலில்தான்.
நான் பார்த்தேனா?
வலப்பக்கம் இரண்டு முதுகுகள் மறைத்தன.
கேட்டேன். ஈரத்தோலில் பந்து மோதும் மந்தமான ஒலி.
ஒலிக்கு முகமில்லை.
முடோன்காரனின் உள்ளங்கையாக இருந்திருந்தால்
கடைசித் தொடுகை அவனுடையது,
துரைசிங்கம் எடுத்தது சரி,
என் விசில் தப்பு.
கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டே இருந்தது;
ஒவ்வொரு துளியும் அந்த ஒலியைப் போலவே இருந்தது,
ஒன்றுகூட அதுவாக இல்லை.

செவ்வாய்க்கிழமை வங்கியில்
முப்பத்தொன்றாம் எண் சீட்டுடன் சித்திரைவேல் வந்தான்.
அப்பாவின் பாஸ்புத்தகம், நனைந்த ஓரம்.
அரைக்கால் சட்டை.
கவுண்டர் பலகை சரியாக அவன் இடுப்பளவு;
அதற்குக் கீழே எனக்கு எதுவும் தெரியவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவான்.
அந்த வயதில் சொல்லிவிடுவார்கள்.
ரூல் போட்ட படிவத்தை என் பக்கம் திருப்பி,
"எங்க கையெழுத்து போடணும் அக்கா?" என்றான்.
கோட்டுக்கு மேலே, என்றேன்.
கோட்டைத் தொடாமல்.